வர்ஜீனியாவின் துணை ஆளுநர் தேர்தல்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் துணை ஆளுநர் பதவி யாரும் நியமித்துக் கிடைப்பதில்லை. மக்கள் ஓட்டுப் போட வேண்டும். அதுவும் மாநில அரசை நடத்தும் ஆளுநருக்கு ஒரு ஓட்டு, துணை ஆளுநருக்குத் தனியாக ஒரு ஓட்டு. பல மாநிலங்களில் இருவரும் ஜோடியாக நின்று ஒரே ஓட்டில் ஜெயித்து வருகிறார்கள். இங்கே அப்படி இல்லாததால், ஆளுநர் ஒரு கட்சியாகவும் துணை ஆளுநர் இன்னொரு கட்சியாகவும் அமைந்துவிடுவது உண்டு. 1969, 1977, 2005 தேர்தல்களில் அப்படித்தான் ஆனது. இந்தத் தனி ஓட்டு எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறது என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

1851 வரை அங்கே ஆளுநரையே சட்டமன்றம்தான் தேர்ந்தெடுத்தது. நிலபுலன் உள்ளவர்களுக்கே செல்வாக்கு. மலைப்பக்கத்து மேற்கு மாவட்டங்கள் நெடுங்காலம் போராடிய பிறகு, அந்த வருடத்து அரசியல் சாசனம் வெள்ளை ஆண்கள் அனைவருக்கும் ஓட்டுரிமை தந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த முதல் துணை ஆளுநர் ஷெல்டன் லீக். கறுப்பின மக்களுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் அப்போது அடிமைகள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு கிடைத்த ஓட்டையும் 1902 சாசனம் பறித்துக்கொண்டது. ஓட்டுப் போட வருடத்துக்கு ஒன்றரை டாலர் வரி. மூன்று வருட பாக்கியையும் சேர்த்துக் கட்டினால்தான் பட்டியலில் பெயர். ஏழை வெள்ளையர்களும் இதில் அடிபட்டார்கள். மாநிலத் தேர்தல்களில் அந்த வரி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1966-ல்தான்.

அதற்கு மூன்று வருடம் கழித்து சார்ஜென்ட் ரெனால்ட்ஸ் என்ற இளைஞர் துணை ஆளுநராக ஜெயித்தார். மாநிலச் சட்டமன்றத்தின் மேல்சபையான செனட்டில் காலியான அவருடைய ரிச்மண்ட் தொகுதிக்கு இடைத்தேர்தல் நடந்தது. அதில் வென்றவர் டக்ளஸ் வைல்டர். அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். அந்த நூற்றாண்டில் வர்ஜீனியா செனட்டுக்குள் நுழைந்த முதல் கறுப்பினத்தவர். ரெனால்ட்ஸ் 1971-ல், 34 வயதிலேயே மூளைக்கட்டியால் இறந்துபோனார். அந்த இடத்தை நிரப்ப நடந்த தேர்தலில் ஹென்றி ஹவல் சுயேச்சையாக நின்று வென்றார்.

1985-ல் வைல்டர் துணை ஆளுநர் பதவிக்கு நின்றார். மாநிலத்தில் கறுப்பின மக்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தேறமாட்டார் என்று அவருடைய கட்சிக்காரர்களிலேயே பலர் நினைத்தார்கள். அவரோ காரை எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். கிட்டத்தட்ட 52 சதவீத ஓட்டு! நான்கு வருடத்தில் ஆளுநர் தேர்தலிலும் ஏழாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார். அமெரிக்காவில் மக்கள் ஓட்டில் ஆளுநரான முதல் கறுப்பினத்தவர் அவர்தான். எடுத்த எடுப்பில் ஆளுநருக்கு நின்றிருந்தால் வென்றிருக்கமாட்டார் என்பது என் கணிப்பு. துணை ஆளுநராக அவரை நான்கு வருடம் பார்த்த மக்களுக்குத் தயக்கம் குறைந்திருந்தது.

சரி, இந்தப் பதவிக்கு அதிகாரம் என்ன? செனட்டுக்குத் தலைமை தாங்குவதும், ஓட்டு சமமானால் முடிவு செய்வதும்தான். 40 பேர் கொண்ட சபையில் அது சின்ன விஷயம் இல்லை. 2011 தேர்தலில் இரண்டு கட்சிக்கும் 20-20 என்று வந்தபோது, துணை ஆளுநர் பில் போலிங்கின் ஒரே ஓட்டால் குடியரசுக் கட்சி சபையைக் கைப்பற்றியது. ஆனால் பட்ஜெட்டுக்கு அந்த ஓட்டு செல்லாது. அதை வைத்து ஜனநாயகக் கட்சி மறு வருடம் பட்ஜெட்டையே நிறுத்திப்போட்டது.

ஜமைக்காவில் பிறந்த வின்சம் சியர்ஸ் 2021-ல் அந்தப் பதவிக்குத் தேர்வான முதல் பெண். 2025-ல் கசாலா ஹாஷ்மி. ஹைதராபாத்தில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா போனவர், இலக்கியப் பேராசிரியர். அமெரிக்காவில் மாநிலம் முழுவதற்குமான ஒரு பதவிக்குத் தேர்வான முதல் முஸ்லிம் பெண் இவர். அரசியலுக்கு வருமுன் இவர் வேலை பார்த்த சமுதாயக் கல்லூரிக்கு, அந்த ரெனால்ட்ஸின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

வர்ஜீனியாவில் ஆளுநர் அடுத்தடுத்து இரண்டு முறை பதவியில் இருக்க முடியாது. துணை ஆளுநருக்கு அந்தத் தடை இல்லை. அதனால் 2029-ல் ஆளுநர் பதவி கட்டாயம் வேறொருவருக்குத்தான். ஹாஷ்மி அதற்கு நிற்பாரா, இல்லை துணை ஆளுநராகவே தொடரப் பார்ப்பாரா என்பதை இப்போதிருந்தே கவனிக்கலாம்.

நன்றி, வணக்கம்.