ஈறில் இரத்தம் வந்தால் அது சூடு இல்லை

வணக்கம். காரைக்குடி செக்காலை ரோட்டில் நின்று பேசுகிறேன். வண்டிச் சத்தம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் தெரிவது பலகாரக் கடை. மனகோலம், அதிரசம், மாவுருண்டை எல்லாம் இருக்கிறது. அதற்கும் வருகிறேன். முதலில் ஈறு.

நம்ம பக்கம் எத்தனையோ ஆச்சிகள் சுகர் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடுவதில்லை. பல் தேய்க்கும்போது எச்சிலில் இரத்தம் வந்தால் மட்டும் "உடம்பு சூடு" என்று மோரைக் குடித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். பல் ஆடினால் "வயசாச்சுல்ல" என்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்த வீடியோ.

நம் எல்லோருடைய வாயையும் சேர்த்துப் பார்த்தால் 700 வகைக்கு மேல் பாக்டீரியாக்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1683-லேயே லேவன்ஹுக் என்ற டச்சுக்காரர் தன் பல்லிடுக்கில் இருந்த வெள்ளைப் படிவைச் சுரண்டி, தானே செய்த நுண்ணோக்கியில் பார்த்து, உயிர்கள் நெளிகின்றன என்று லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அந்தப் படிவுதான் இன்றைக்கும் பிரச்சினை. அதைத் தேய்த்து எடுக்காமல் விட்டால் ஈறு வீங்கும், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பள்ளம் விழும். காற்றுப் போகாத அந்தப் பள்ளம் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற கிருமிகளுக்குத் தோதான இடம். உடம்பு அவற்றோடு சண்டை போடப் போட, பல்லைத் தாங்கும் எலும்பே கரைகிறது. பல் ஆடுவது இதனால்தான். வயது மட்டும் காரணம் இல்லை.

இதில் சுகர் எங்கே வருகிறது? இரண்டு பக்கமும் வருகிறது. சுகர் கூடினால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் அந்த அழற்சி இரத்தத்தில் பரவி, இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. ஈறு நோய்க்கு ஒழுங்காக வைத்தியம் பார்த்தவர்களுக்கு மூன்று மாத சராசரி சுகர் (HbA1c) சுமார் 0.4 புள்ளி குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிகிறது. 0.4 சின்ன எண் இல்லை, சுகர்காரர்களுக்குத் தெரியும்.

பல்லில் இறுகிக் கெட்டியாகிப்போன படிவைத்தான் காரை என்கிறோம். "காரையைச் சுரண்டினால் பல் ஆடிவிடும்" என்ற பயமும் இங்கே நிறைய. எலும்பு முன்பே கரைந்திருக்கும், காரை அதை மறைத்துக்கொண்டிருக்கும். எடுத்ததும் இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். விட்டுவைத்தால்தான் பல் போகும்.

சரி, பலகாரம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற கிருமிகள் வெல்லம், சர்க்கரை எது கிடைத்தாலும் அமிலமாக்கும். அமிலம் கூடக் கூட பிஎச் என்ற அளவு குறையும்; வாயின் பிஎச் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல்பூச்சு கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகும். அதனால் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைவிட எத்தனை தடவை என்பதைக் கவனியுங்கள். மாவுருண்டையை மதியச் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள். டப்பாவைத் திறந்து வைத்துப் போகும்போதும் வரும்போதும் ஒன்று எடுத்தால் பல்லுக்கு ஓய்வே கிடையாது. தூக்கத்தில் எச்சில் குறையும், அதனால் ராத்திரி படுக்கப் போகும் முன் பல் தேய்ப்பதை விடவே கூடாது.

கிருமி என்றாலே எல்லாவற்றையும் கொன்றுவிட வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். கீரையில் உள்ள நைட்ரேட்டை நாக்கில் இருக்கும் பாக்டீரியாக்கள்தான் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. உடம்பு அதை நைட்ரிக் ஆக்சைடாக்கி இரத்தக் குழாயைத் தளர்த்துகிறது. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் இந்த நல்லதுகளையும் சேர்த்துக் கொல்லும். டாக்டர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாள் போதும்.

பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகளில் வாய்க் கிருமியான ஃபியூசோபாக்டீரியத்தைப் பார்த்திருக்கிறார்கள். அதுதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பிப் பயப்பட வேண்டாம், ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள் பல் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாய்க் கிருமி இரத்தத்தில் கலந்து வால்வில் ஒட்டிக்கொள்ளலாம், அதற்கு முன்கூட்டியே மருந்து தருவார்கள்.

அப்புறம், பல் செட் வைத்திருக்கிற ஐயாக்கள், ஆயாக்கள்: ராத்திரி கழற்றித் தேய்த்துத் தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். கழற்றாமல் தூங்கினால் செட்டுக்கு அடியில் கேண்டிடா என்ற பூஞ்சை வளர்ந்து மேலண்ணம் சிவந்து புண்ணாகும்.