லீனா ஆஷ்வெல்: மேடையும் கணக்குப் புத்தகமும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்துப் பெண்களின் வாக்குரிமைப் போராட்டம் என்றதும் அதை முன்னின்று நடத்திய பாங்கர்ஸ்ட் குடும்பத்தினரும், உடைந்த கடைக் கண்ணாடிகளும், சிறையில் உண்ணாநோன்பு இருந்த பெண்களுமே நம் நினைவுக்கு வருகிறார்கள். அதே போராட்டத்தில் நடிகைகளுக்கென்று ஒரு தனிச் சங்கம் இருந்தது. அதில் முன்னின்றவர்களுள் லண்டனில் ஒரு நாடக அரங்கத்தையே பொறுப்பேற்று நடத்திய ஒரு பெண்ணும் இருந்தார். அவர்தான் லீனா ஆஷ்வெல்.

அவர் பிறந்ததே ஒரு கப்பலில். வட இங்கிலாந்தின் டைன் ஆற்றில் நின்றிருந்த அந்தப் பயிற்சிக் கப்பலுக்கு அவருடைய தந்தை, ஒரு கடற்படை அதிகாரி, பொறுப்பாளராக இருந்தார். பின்னர் குடும்பம் கனடாவுக்குப் பெயர்ந்தது. அங்கே தாய் இறந்த பிறகு லீனா இசை பயில ஐரோப்பா திரும்பினார். லண்டன் ராயல் இசை அகாடமியில் அவர் உரக்கப் படித்துக் காட்டியதைக் கேட்ட நடிகை எலன் டெரி, நீ பாட வேண்டியவள் அல்ல, நடிக்க வேண்டியவள் என்ற கருத்துப்பட அறிவுரை கூறினார். அக்காலத்து ஆங்கில மேடையின் மகாராணி சொன்ன வார்த்தையைத் தட்ட முடியுமா? 1891இல் லீனா மேடையேறினார். 1900இல் ‘மிஸஸ் டேன்ஸ் டிஃபென்ஸ்’ நாடகத்தில், தன் கடந்த காலத்தை மறைக்கும் ஒரு பெண், குறுக்கு விசாரணையில் சிறிது சிறிதாகச் சிக்கிக்கொள்ளும் காட்சி அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்றது.

1907இல் லண்டனின் கிங்ஸ்வே அரங்கத்தை அவரே நடத்தத் தொடங்கினார். என்னைப் பொறுத்தவரை, அவருடைய அரசியல் இங்கேதான் தொடங்குகிறது. அடுத்த ஆண்டு அவர் அரங்கேற்றி, நாயகியாகவும் நடித்த ‘டயானா ஆஃப் டாப்சன்ஸ்’ நாடகத்தை எழுதியவர் சிசிலி ஹாமில்டன் என்ற பெண். துணிக்கடைப் பணிப்பெண்கள் முதலாளி தரும் விடுதி அறையிலேயே அடைபட்டுக் கிடந்து, தொட்டதற்கெல்லாம் அபராதம் கட்டிய வாழ்க்கையை அந்நாடகம் முதல் காட்சியிலேயே மேடைக்குக் கொண்டுவந்தது. எதிர்பாராமல் கைக்கு வரும் 300 பவுண்டை, தன் வாழ்நாளில் ஒரு மாதமாவது மனுஷியாக வாழ்ந்துவிடுவோம் என்று நாயகி செலவழித்துத் தீர்க்கிறாள். இதை நகைச்சுவை நாடகமாகவே பார்த்துச் சிரித்தார்கள் என்பதில் எழுதியவரின் சாமர்த்தியமும் இருக்கிறது.

அதே 1908ஆம் ஆண்டு டிசம்பரில், லண்டன் கிரைட்டீரியன் உணவகத்தில் கூடிய நடிகைகள் தங்கள் வாக்குரிமைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ‘கூத்தாடி’ என்று சொல்லும்போது நம் ஊரில் குரலில் ஏறுகிற இளக்காரம் அங்கும் இல்லாமல் இல்லை. ஆனால், குடும்பப் பெண்கள் பலருக்கு இல்லாத ஒன்று நடிகைகளிடம் இருந்தது: சொந்த வருமானம். இன்னொன்று, கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் எட்டும் குரல். சங்கம் குறுநாடகங்களை நடத்தியதோடு நில்லாமல், மேடையில் பேசியே பழகாத போராளிகளுக்குப் பேச்சுப் பயிற்சியும் அளித்தது. கல்லெறியும் பிரிவு, மனு எழுதும் பிரிவு என்று போராட்டம் பிளவுபட்டிருந்த நாட்களில் அது இரு தரப்புக்கும் பொதுவாக நின்றது.

லீனாவின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அரங்க வாடகையையும் நடிகர்களின் சம்பளத்தையும் கணக்குப் பார்த்துக் கொடுத்தவர் அவர். 1908இல் அவர் ஹென்றி சிம்சன் என்ற மருத்துவரை மணந்துகொண்டார். அத்துடன், சட்டத்தின் பார்வையில் அவருடைய வருமானம் கணவரின் வருமானத்தோடு சேர்ந்துவிட்டது. வரி வாங்கத் தயங்காத அரசு, அந்த வரி எப்படிச் செலவாகிறது என்று கேட்கும் வாக்கை மட்டும் அவருக்குத் தரவில்லை. மணமான பெண்ணின் வருமானத்துக்குத் தனியே வரிக் கணக்கு என்ற நிலை பிரிட்டனில் 1990இல்தான் வந்தது என்பது எனக்கே வியப்பாக இருந்த செய்தி.

1914இல் போர் மூண்டது. நிகழ்ச்சிகள் ரத்தாகி, பாடகர்களும் நடிகர்களும் வேலையிழந்தார்கள். அவர்களைப் படைவீரர்கள் முன் கொண்டுபோக வேண்டும் என்று லீனா கேட்டபோது, போர்த்துறை முதலில் செவிசாய்க்கவில்லை. இளவரசி ஹெலனா விக்டோரியாவின் துணையும் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறித்தவ இளைஞர் சங்கத்தின் பொறுப்பும் சேர்ந்த பிறகே வழி திறந்தது. 1915 பிப்ரவரியில் முதல் இசைக்குழு பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்துக்குப் புறப்பட்டது. பாடகர் சிலர், கருவி இசைப்பவர் ஒருவர், கவிதை சொல்பவரோ மந்திரவித்தைக்காரரோ ஒருவர் என்று சிறிய குழு. முகாமிலும் மருத்துவமனையிலும் கொட்டகையிலும் நிகழ்ச்சிகள். போர்முனைக்கு மிக அருகே பெண்களை அனுமதிக்காததால், அங்கே ஆண்கள் மட்டும் கொண்ட குழுக்கள் சென்றன. இந்தப் பயணத்தைத் தங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று கலைஞர்களுக்கு அவர் விதித்த நிபந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இத்தனைக்கும் பணம் நன்கொடையாகவே வர வேண்டியிருந்தது. ஊர் ஊராகப் பேசியும், உதவிக் கச்சேரிகள் நடத்தியும் லீனா நிதி திரட்டினார். போர் முடிவதற்குள் அது ஏறக்குறைய 1,00,000 பவுண்டைத் தொட்டது. 1917இல் அரசு அவருக்கு ஓ.பி.இ. விருது அளித்தது. மறு ஆண்டு, சொத்துத் தகுதியுடைய 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. ஆண்களுக்கு நிகரான வாக்குரிமைக்கு 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

போருக்குப் பின் அவர் தம் பெயரிலேயே ஒரு நாடகக் குழுவை நடத்தினார். லண்டனின் புறப்பகுதிகளில், நகர மன்றக் கூடங்களிலும் பொதுக் குளியல் நிலையங்களிலும்கூட, உழைக்கும் மக்கள் கொடுக்கக்கூடிய கட்டணத்தில் நாடகங்கள் நடந்தன. 1925இல் அக்குழுவில் சேர்ந்த ஓர் இளைஞர், மேடையில் குறும்பு செய்ததற்காக வெளியேற்றப்பட்டார். அவர்தான் பிற்காலத்தில் பெரும் புகழ்பெற்ற நடிகர் சர் லாரன்ஸ் ஒலிவியே. 1929இல் குழு கலைந்தது.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது லீனாவுக்கு எழுபதை ஒட்டிய வயது. இசையும் நாடகமும் ஊர்தோறும் செல்வதற்கு இம்முறை அரசுக் கருவூலத்திலிருந்தே பணம் ஒதுக்கப்பட்டது. 1957இல் அவர் மறைந்தார்.