அண்ணன் தூங்கினாலும் உலகம் ஓடணும்: கிளவுட்ல சொந்த மைன்கிராஃப்ட் சர்வர்

(திரை: இருட்டான அறை. லேப்டாப் மூடுற சத்தம்.)

ராத்திரி 11 மணி. நாலு பேர் சேர்ந்து மூணு மாசமா கட்டின மைன்கிராஃப்ட் உலகம், அண்ணனோட லேப்டாப்ல இருக்கு. அவர் கொட்டாவி விட்டு லேப்டாப்பை மூடினா மத்த மூணு பேரும் வெளியே. எங்க வீட்ல இதுக்காக நடக்காத சண்டை இல்ல. அந்த உலகத்தைக் கிளவுட்ல, அதாவது எப்பவும் ஓடிட்டு இருக்குற ஒரு கம்பெனியோட கணினி மையத்துல, ஒரு வாடகை மெஷினுக்குக் குடி மாத்திட்டோம். அது எப்படின்னு இன்னைக்குப் பாப்போம்.

வீட்டு நெட்லயே சர்வர் வெச்சா என்னன்னு கேப்பீங்க. மொபைல் நெட்லயும் நிறைய ஃபைபர் கனெக்‌ஷன்லயும் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பப்ளிக் ஐ.பி.தான், அதாவது இணையத்துல வெளியே தெரியற முகவரி. உங்க ஃப்ரெண்டு எந்த வாசலைத் தட்டுவார்? ரவுட்டர்ல போர்ட் (தகவல் உள்ள வர்ற, எண் போட்ட கதவு) திறந்தாலும் வேலைக்கு ஆகாது. கிளவுட் மெஷினுக்குத் தனி முகவரி கிடைக்கும்.

(திரை: வரைபடம். சென்னையிலேர்ந்து மூணு கோடு.)

முதல்ல ஊரைத் தேர்ந்தெடுங்க. சென்னையிலேர்ந்து மும்பைக்குத் தகவல் போய் வர சுமார் 20, 30 மில்லிசெகண்ட். அமெரிக்காவுல வர்ஜீனியான்னா 200ஐத் தாண்டிடும். அமேசானுக்கு 2016லேர்ந்து மும்பைல மையம் இருக்கு, கூகுளுக்கு 2017லேர்ந்து. மலேசியாவுலயோ சிங்கப்பூர்லயோ இருக்குற சொந்தக்காரப் பசங்களும் விளையாடறாங்கன்னா சிங்கப்பூர் மையத்தை எடுங்க. சென்னையிலேர்ந்து கடலடி கேபிள் நேரா அங்க போகுது, ரெண்டு பக்கத்துக்கும் நல்லது.

அடுத்தது மெஷின். இங்கதான் நிறைய பேர் காசை வீணாக்கறாங்க. மைன்கிராஃப்ட் சர்வர் ஒரு செகண்டுக்கு 20 தடவை உலகத்தைக் கணக்குப் போடுது. ஒரு தடவைக்கு 50 மில்லிசெகண்ட்தான் நேரம். மாடு நடக்கறது, தண்ணி ஓடறது, பயிர் வளர்றது எல்லாம் அதுக்குள்ள முடியணும். இதுல பெரும்பங்கு வேலையை சிபியூவோட, அதாவது மெஷினோட மூளையோட, ஒரே ஒரு கோர்தான் (ஒரு பகுதி) செய்யுது. கடையில எட்டு தோசைக்கல் இருக்கலாம், மாவு ஊத்துற மாஸ்டர் ஒருத்தர்தானே? அதனால எட்டு கோர் வாங்குறதை விட வேகமான ரெண்டு கோர் மேல். மலிவான சில மெஷின்ல சிபியூ வேகத்தைக் கிரெடிட் கணக்குல, அதாவது இவ்வளவுதான்னு அளந்து, தருவாங்க. அது தீர்ந்ததும் வேகம் இறங்கும், இல்லாட்டி பில் ஏறும்.

அஞ்சாறு பேருக்கு 4 ஜி.பி. ரேம் சர்வருக்குப் போதும். மெஷின்ல மொத்தமே 4 இருந்தா முழுசையும் ஜாவாவுக்கு (மைன்கிராஃப்ட் சர்வரை ஓட்டற மென்பொருள்) குடுத்துடாதீங்க. மெஷினை இயக்குற லினக்ஸுக்கு மூச்சு விட இடம் வேணும். இல்லன்னா நடு ஆட்டத்துல சர்வர் செத்துப் போகும். டெர்மினல்ல (கட்டளை தட்டற திரை) 'கில்ட்'னு ஒரே ஒரு வார்த்தை இருக்கும்.

அந்த ஜாவா மென்பொருள் எத்தனாவது பதிப்புன்னும் பாத்துக்கங்க. மைன்கிராஃப்ட் 1.20.5, 1.21 ரெண்டுக்கும் ஜாவா 21 வேணும். முதல் தடவை ஓட்டும்போது சர்வர் உடனே நின்னுடும், பயப்படாதீங்க. யூலாங்கற உரிம ஒப்பந்த ஃபைலைத் திறந்து, ஃபால்ஸை ட்ரூன்னு மாத்துங்க. அப்புறம் 'ஸ்க்ரீன்'ங்கற லினக்ஸ் நிரலுக்குள்ள ஓட்டுங்க, டெர்மினலை மூடினாலும் சர்வர் ஓடும்.

(திரை: "இணைக்கிறது..." அப்படியே நிக்குது.)

இந்தத் திரையை நான் ரெண்டு மணி நேரம் பாத்துட்டு உக்காந்திருந்தேன். மைன்கிராஃப்ட் போர்ட் 25565ஐ, டி.சி.பி.ங்கற தகவல் முறையில, கிளவுட் தளத்தோட ஃபயர்வால்ல (வேண்டாத இணைப்பைத் தடுக்கற காவல்) திறந்துட்டேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா லினக்ஸுக்குள்ள இன்னொரு ஃபயர்வால் பூட்டியே கிடந்துச்சு. ரெண்டு கதவு, ரெண்டையும் திறக்கணும். பிழைச் செய்தியே துப்புக் குடுக்கும். ரொம்ப நேரம் காத்திருந்து 'டைம்ட் அவுட்'னு வந்தா பெரும்பாலும் கதவு பூட்டியிருக்கு. உடனே 'ரெஃப்யூஸ்ட்'னு வந்தா மெஷின் வரைக்கும் போயிட்டீங்க, உள்ள சர்வர் எழும்பல. மொபைல்ல ஆடுற பெட்ராக் பதிப்புக்கு போர்ட் 19132, அதுவும் யு.டி.பி.ங்கற இன்னொரு தகவல் முறையில.

கதவைத் திறந்த கையோட ஒயிட்லிஸ்டை (உள்ள விட வேண்டியவங்க பேர்ப் பட்டியல்) போடுங்க. இணையம் முழுக்க இந்தப் போர்ட்டைத் தேடிட்டுத் திரியற நிரல்கள் இருக்கு, உங்க முகவரியை யாருக்கும் சொல்லாட்டியும் வந்துடும். வர்றவர் நிஜக் கணக்குக்காரரான்னு சரிபார்க்குற ஆன்லைன்-மோடை அணைக்கவே அணைக்காதீங்க. அணைச்சா உங்க பேர்லயே இன்னொருத்தர் உள்ள வந்து உக்காரலாம்.

மெஷினை நிறுத்தி வெச்சாலும் டிஸ்குக்கு வாடகை உண்டு. நிலையான ஐ.பி. எடுக்கலன்னா மறுபடி ஓட்டும்போது முகவரி மாறிடலாம்.

(திரை: டெர்மினல், மூணு கட்டளை.)

கடைசியா பேக்கப். சர்வர் எழுதிட்டு இருக்கும்போதே ஃபோல்டரை நகலெடுத்தா பாதி எழுதின ஃபைல் மாட்டிக்கும். அதனால முதல்ல 'சேவ்-ஆஃப்' (தானா சேமிக்கறதை நிறுத்தும்), அடுத்து 'சேவ்-ஆல்' (இப்பவே எல்லாத்தையும் சேமிக்கும்), நகல் முடிஞ்சதும் 'சேவ்-ஆன்' (தானா சேமிக்கறதைத் திரும்பத் தொடங்கும்). மூணாவதை மறந்தா அன்னைக்கு ஆடினது எதுவும் தானா டிஸ்குக்குப் போகாது. நகலை அதே மெஷின்ல விட்டு வெக்காம வீட்டுக்கு இறக்கி, ஒருதடவை திறந்து பாருங்க. வீடு, கோதுமை வயல், பாதியில நிக்கற அந்தப் பாலம் எல்லாம் வந்துடுச்சா? இப்ப அண்ணனுக்கு முகவரியை அனுப்புங்க.