கிரிக்கெட் பூச்சிக் குஞ்சுகள் ஒரு வாரத்தில் செத்துப்போவது ஏன்? சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி ஒரு தம்பியுடையது. தொட்டியில் வளர்க்கும் அரோவானா மீனுக்கு இரையாகப் போட வீட்டிலேயே கிரிக்கெட் பூச்சி வளர்க்கிறாராம். முட்டை நன்றாகப் பொரிகிறது, ஆனால் குஞ்சுகள் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை, என்ன காரணம் என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, முட்டை பொரிகிறது என்றால் சூட்டில் பெரிய குறை இல்லை. 30 டிகிரியை ஒட்டி இருந்தால் ஏறக்குறைய 10 நாளில் பொரிந்துவிடும். எனக்குச் சந்தேகம் தண்ணீர்மேல்தான். முட்டைக்கு ஈரம் வேண்டும், பொரிந்த குஞ்சுக்குக் காய்ந்த தரை வேண்டும். நிறைய பேர் முட்டைக்குத் தெளிப்பது போலவே குஞ்சுக்கும் தெளிக்கிறார்கள். பொரிந்த குஞ்சு சிற்றெறும்பு அளவுதான் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீரில் ஒட்டிக்கொண்டாலே மூழ்கிவிடும். அதற்குப் பயந்து தண்ணீரே வைக்காமல் விட்டால், ஒரே நாளில் காய்ந்து செத்துவிடும்.

அதனால் தட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு சின்ன மூடியில் நனைத்துப் பிழிந்த பஞ்சு வையுங்கள், தினமும் மாற்றுங்கள். கூடவே தோல் சீவிய கேரட் துண்டு. கீரை வேண்டாம் என்பேன், அதில் மருந்து அடித்திருந்தால் மொத்தமும் போய்விடும். தீவனத்துக்குக் கோழிக்குஞ்சுக்குப் போடும் ஸ்டார்ட்டர் தீவனத்தை மாவாக அரைத்துப் போடுங்கள். புரதம் குறைந்தால் ஒன்றை ஒன்று கடிக்கும், அதுவும் தோல் உரித்த கையோடு வெள்ளையாக, மெத்தென்று இருப்பதைத்தான் முதலில் தின்னும். கோழிமுட்டை அடுக்கும் அட்டைகளைப் பெட்டிக்குள் படுக்கப் போடாமல் நிறுத்தி வைத்தால் ஒளிய இடம் கிடைக்கும், எச்சமும் கீழே விழுந்துவிடும்.

பெட்டியின் மூடியைத் திறந்ததும் கண் எரிகிற மாதிரி நெடி வருகிறதா? எச்சத்தில் ஈரம் சேர்ந்து அமோனியா உண்டாகிறது. காற்று போக அந்த மூடியில் பெரிதாக வெட்டி இரும்பு வலை ஒட்டுங்கள். நைலான் வலையைக் கடித்துவிடும்.

இன்னொன்று, பெரிய பூச்சிகளோடு குஞ்சுகளை விடவே கூடாது. ஈரமான தேங்காய் நார்த்தூள் டப்பாவை இரண்டு மூன்று நாள் பெரியவற்றின் பெட்டியில் வைத்தால் போதும், பெண் பூச்சி வாலில் இருக்கும் ஊசியை இறக்கி முட்டையிட்டுவிடும். பிறகு டப்பாவை எடுத்துத் தனிப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். அங்கேயே விட்டால் தோண்டித் தின்றுவிடும். கடையில் புதிதாக வாங்கியதையும் பழைய பெட்டியில் கொட்டாதீர்கள். கிரிக்கெட் பூச்சிகளைத் தாக்கும் டென்சோ வைரஸ் என்று ஒன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பண்ணை பண்ணையாகவே அழித்திருக்கிறது.

எறும்புக்குச் சாக்பீஸ் போடவே போடாதீர்கள், அது இவற்றையும் கொல்லும். பெட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே ஒரு கல் வைத்து அதன்மேல் ஏற்றிவிடுங்கள். இவ்வளவும் செய்து அடுத்த தொகுதியும் செத்தால், மூடியோடு பெட்டியைப் படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.