மச்சம் இருக்கட்டும், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே கேட்கும் பெரியோர்களே, வணக்கம். மணி நடுவர் கையில் இருப்பதால் வணக்கம் இத்தோடு போதும்.

தலைப்பு, 'உருவப்படத்தில் முகத்தைத் திருத்துவது கொஞ்சமா, தாராளமா?' நான் கொஞ்சம் அணி. எனக்கு முன்னால் பேசிய தாராள அணி நண்பர் போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். "அடுத்து பேசப்போகிறவரை நேரில் பாருங்கள். அப்புறம் வாசலில் இருக்கும் பேனரில் அவர் படத்தைப் பாருங்கள். டச்சிங் மட்டும் இல்லையென்றால் இவர் பேச்சைக் கேட்க யார் வந்திருப்பார்கள்?" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். பரவாயில்லை. என் அணித் தலைவரும் தட்டினார், அதையும் பார்த்தேன்.

பேனருக்கு வருகிறேன், விடமாட்டேன். அதற்கு முன் கடமைக்கு இரண்டு வாதம் வைத்துவிடுகிறேன். இல்லையென்றால் நடுவர் கோபித்துக்கொள்வார்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? இந்த வேலை தெரிந்தவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடுவதை எடுக்கலாம். போகாததைத் தொடக் கூடாது, தொட்டே ஆக வேண்டுமென்றால் முகத்துக்குச் சொந்தக்காரரைக் கேட்டுவிட்டுத் தொட வேண்டும். நேற்று வந்த பரு, காலையில் சவரம் செய்த கீறல், இதெல்லாம் போகட்டும். மச்சம், தழும்பு, மூக்கின் வளைவு, இவை இருக்கட்டும். கருவளையமா? குறையுங்கள், அடியோடு துடைக்காதீர்கள். கண்ணுக்குக் கீழே நிழலே இல்லாவிட்டால் கண்ணை எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது மாதிரி இருக்கும். விஷயம் தெரிந்தவர் திருத்தத்தைத் தனி லேயரில், அதாவது படத்தின் மேல் விரித்த கண்ணாடித்தாள் மாதிரியான தனி அடுக்கில், செய்வார். முடிந்ததும் அந்த லேயரின் அடர்த்தியைப் பாதியாகக் குறைத்துப் பார்ப்பார். முகத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறவருக்குத் தோலில் உள்ள துளைகூடக் குற்றமாகத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

தாராள அணித் தலைவர் இரண்டு விஷயம் சொன்னார். 1855-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியிலேயே ஒரு ஜெர்மானியர், திருத்தியது ஒன்று திருத்தாதது ஒன்று என்று ஒரே முகத்தின் இரண்டு படங்களை வைத்தார், ஊரே வியந்தது என்றார். ஐயா, அவர் இரண்டையும் வைத்தார்! நீங்கள் ஒன்றைத்தானே வைக்கிறீர்கள்? இரண்டாவது, 'கேமராவே பொய் சொல்கிறது, மூக்கைப் பெரிதாக்குகிறது, நாங்கள் அதைச் சரிசெய்கிறோம்' என்றார். மூக்கு பெரிதாவது உண்மை. 12 அங்குலத்தில் வைத்து எடுக்கும் செல்ஃபியில், 5 அடி தள்ளி எடுத்த படத்தைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் கணக்கே போட்டிருக்கிறார்கள். அதற்கு மருந்து நாலு அடி பின்னால் போவது. மூக்கை அறுப்பதா?

சரி, கடமை முடிந்தது. பேனர்.

நான் கொடுத்தது நல்ல படம். அதை வாங்கிய புண்ணியவான் தோலில் ஒரு துளை விடாமல் பூசிவிட்டார். மூக்கோரத்து மச்சம் போயிற்று. முன்பல் இடைவெளி போயிற்று. என் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பது உலகத்திலேயே அந்தப் பேனரில் மட்டும்தான். தாடையை ஒடுக்கியிருக்கிறார் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டார். முகத்தோடு சேர்ந்து பின்னால் இருந்த கதவின் விளிம்பும் உள்ளே வளைந்துவிட்டது. என் அழகைத் தாங்க முடியாமல் கதவே சாய்ந்துவிட்டது என்கிறார் என் மனைவி. வெளியே போகும்போது அந்தக் கதவைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இன்று மாலை வாசலுக்கு வருகிறேன். என்னை வரவேற்க ஒரு தம்பி மாலையோடு நிற்கிறார். கையில் போன், போனில் அந்தப் படம். நேராகப் போய்ச் சிரித்தேன். அவரும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு, "ஐயா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க, பேச்சாளர் வர்ற நேரம்" என்றார். நின்றேன். நானும் அவரும் சேர்ந்து எனக்காகக் காத்திருந்தோம். ஐந்து நிமிடம் ஆயிற்று. "இன்னும் வரலையே தம்பி" என்றேன். "பெரிய ஆளுங்கன்னா அப்படித்தான் ஐயா" என்றார். கேட்கவே நன்றாக இருந்ததால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.

பொறுக்க முடியாமல் அவர் பேச்சாளருக்குப் போன் போட்டார். என் சட்டைப்பையில் மணி அடித்தது. எடுத்தேன். "சார், எங்க வந்துட்டிருக்கீங்க?" "உங்க பக்கத்துலதான் தம்பி." அவர் என்னைத் தாண்டி ரோட்டை எட்டிப் பார்க்கிறார்! "எந்தப் பக்கம் சார்?" "மாலை இருக்கிற கைப்பக்கம்." மெதுவாகத் திரும்பினார். என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கடைசியில் கேட்டாரே ஒரு கேள்வி! "நீங்க அவரோட அப்பாங்களா?"

நண்பரே, டச்சிங் இல்லாவிட்டால் யார் வந்திருப்பார்கள் என்று கேட்டீர்கள். டச்சிங் இருந்ததால் எனக்கு வர வேண்டிய மாலையே வரவில்லை! அந்தப் படத்தைப் பார்த்து வந்தவர்கள் இன்னும் அந்த ஆளுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா நான் பேச ஆரம்பித்ததிலிருந்து வாசலையே பார்க்கிறார். அம்மா, அவர் வரமாட்டார். நான்தான்.

முதல் மணி அடித்துவிட்டது. நார்வேயில் 2022-இலிருந்து, விளம்பரப் படத்தில் உடலின் வடிவத்தையோ தோலையோ திருத்தியிருந்தால் அதைப் படத்திலேயே குறிப்பிட வேண்டும் என்ற சட்டத்தை விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நேரம் இல்லை. வேறு ஒன்று சொல்கிறேன்.

படத் திருத்த வேலை செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார். இறந்துபோன ஒரு அம்மாவின் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லிப் பிள்ளைகள் வந்தார்கள். இவர் ஆசை ஆசையாக வேலை செய்து, புருவத்துக்கு மேலே இருந்த தழும்பையும் எடுத்துவிட்டார். படத்தைப் பார்த்த மகள் சொன்னாராம், "அம்மா மாதிரியே இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அம்மா இல்லையே" என்றாராம்.

தழும்பைத் திரும்ப வைக்க வேண்டும். ஆனால் மூலப்படத்தின் மேலேயே இவர் சேமித்துவிட்டார். எந்தப் புருவம் என்று கேட்டார். மகன் இடது என்கிறார், மகள் வலது என்கிறார். ஆளுக்கொரு படம் எடுத்துக் காட்டுகிறார்கள், இரண்டும் போனில் எடுத்தவை. முன்பக்கக் கேமரா சில நேரம் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றிச் சேமித்துவிடும் அல்லவா? எது நேர்ப்படம், எது புரண்ட படம்? பெற்ற தாயின் நெற்றியில் தழும்பு எந்தப் பக்கம் என்று பிள்ளைகள் இரண்டு பேரும் தவிக்கிறார்கள்.

அவர்களோடு வந்து பேசாமல் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்தார். திரையில் விரலை வைத்தார். "இங்கே" என்றார். நண்பர் தழும்பை வரைந்தார். "இன்னும் கொஞ்சம் மேலே." நகர்த்தினார். "அவ்வளவு பெரிசு இல்லை தம்பி." குறைத்தார். "ஆங்... இது அவதான்."

இதில் வாதம் எங்கே இருக்கிறது என்று தாராள அணித் தலைவர் எழுந்து கேட்பார். இல்லை ஐயா, ஒரு வாதமும் இல்லை. உங்கள் மென்பொருளுக்குக் குறையாகத் தெரிந்தது அந்த மனிதருக்கு மனைவியாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பிள்ளைகளே மறந்த இடத்தை அவர் விரல் மறக்கவில்லை. உங்கள் அம்மாவின் முகத்தில் எதை எடுக்கலாம் என்று இப்போது ஒரு நிமிடம் யோசியுங்கள். இந்தக் கூட்டத்தில் யார் கை தூக்கப்போகிறீர்கள்? ஒருவரும் இல்லையே!

இரண்டாம் மணியும் அடித்துவிட்டது. நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது அந்தப் பெரியவருடைய ஓட்டையும் எங்கள் அணிக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம். தம்பி, அந்த மாலை இன்னும் இருக்கிறதா?