வெள்ளத்துக்குக் கரை கட்டப் போனவர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கரீபியன் கடலில் இருக்கும் ஹெய்த்தி என்றால் நம்மில் பலருக்கு 2010 நிலநடுக்கம்தான் நினைவுக்கு வரும். கொஞ்சம் மூத்தவர்களுக்கு அந்த நாட்டின் சர்வாதிகாரி ‘பாப்பா டாக்’ துவாலியே நினைவுக்கு வரலாம். அந்தத் துவாலியேவின் ஆட்சியில் நாட்டை விட்டுப் போய், 26 ஆண்டு வெளியே இருந்து, திரும்பி வந்து ஒரு கட்சியைக் கட்டி, கடைசியில் சொந்த வீடு எரிந்த ஒரு பொருளாதாரப் பேராசிரியரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பெயர் ழெரார் பியேர்-ஷார்ல். வீட்டில் நாலு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். நாக்கு பிசகினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1935இல் ழாக்மேல் என்ற ஊரில் பிறந்தவர். தெற்குக் கடற்கரையில் காப்பி ஏற்றுமதியால் கொழித்த துறைமுகம் அது. காப்பி வியாபாரிகள் ஐரோப்பாவிலிருந்து வார்ப்பிரும்புத் தூண்களைக் கப்பலில் வரவழைத்து மாடி வீடு கட்டினார்கள். அந்தக் காப்பியை மலைமேல் விளைவித்த குடியானவனுக்கோ குடிசைதான். அவனிடம் வாங்குபவர் ஒரு தரகர், தரகரிடம் வாங்குபவர் ஏற்றுமதியாளர், எல்லாவற்றுக்கும் மேலே அரசாங்கத்தின் ஏற்றுமதி வரி. ஹெய்த்தி அரசு பல காலம் பிழைத்ததே அந்த வரியில்தான். 1804இல் அடிமைகள் போராடி விடுதலை வாங்கிய நாடு. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தி, ‘எங்கள் தோட்டக்காரர்களுக்கு நஷ்டஈடு கொடு’ என்று 15 கோடி பிராங்க் கேட்டது. பின்னால் அதை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதற்காக வாங்கிய கடனும் வட்டியும் இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை இழுத்தன. விடுதலை வாங்கியவனே விடுதலைக்கு விலை கொடுத்தான். கொடுத்த பணம் காப்பிச் செடியிலிருந்து வந்தது. இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவர் பொருளாதாரம் படித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

1959இல் அவர் இடதுசாரி இளைஞர்களோடு சேர்ந்து ரகசியமாக ஒரு கட்சி தொடங்கினார். உடன் இருந்தவர் ழாக் ஸ்தெபான் அலெக்சிஸ், பெரிய நாவலாசிரியர். அலெக்சிஸ் 1961இல் படகில் திரும்பி வந்து இறங்கியபோது பிடிபட்டார், அதோடு முடிந்தார். பியேர்-ஷார்ல் அதற்கு முந்தைய ஆண்டே மெக்சிகோ போய்விட்டிருந்தார். ஒரு வருட இடைவெளியில் ஒருவர் கல்லறைகூட இல்லாமல் போனார், இன்னொருவர் பேராசிரியர் ஆனார்.

மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தில் வேலை. மனைவி சூசி காஸ்தோரும் அங்கேதான். அவர் வரலாற்று ஆய்வாளர். 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹெய்த்தியைப் பிடித்து வைத்திருந்த காலத்தைப் பற்றி எழுதியவர். போலியோ பியேர்-ஷார்லின் கால்களை முடக்கியது. ஊன்றுகோல் இல்லாமல் அவருக்கு நடை இல்லை. 1969இல் அவர் எழுதி வெளியிட்ட புத்தகத்தின் பெயர் ‘ஒரு சர்வாதிகாரத்தின் எக்ஸ்ரே’. இதில் ஒரு குசும்பு இருக்கிறது. துவாலியே நிஜமாகவே மருத்துவர். கிராமம் கிராமமாகப் போய்த் தோல் நோய்க்கு ஊசி போட்டுத்தான் ‘பாப்பா டாக்’ என்று பெயர் வாங்கினார். அந்த டாக்டரைப் பிடித்து எக்ஸ்ரே மேசையில் படுக்க வைத்துவிட்டார் நம்மவர்.

எக்ஸ்ரேயில் என்ன தெரியும்? துவாலியே ஆட்சி என்றால் எல்லாரும் தோந்தோன் மக்கூத் என்ற கறுப்புக் கண்ணாடி அடியாட்களைத்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பயமாக இருப்பது புகையிலை வாரியம். பெயர் புகையிலை, தீப்பெட்டி வாரியம். அரசின் தனியுரிமை. கொஞ்சம் கொஞ்சமாக மாவு, சர்க்கரை என்று மற்ற சாமான்களின் வரியும் அதற்குள் போனது. அந்தப் பணம் நாட்டு பட்ஜெட்டில் வராது, தணிக்கை கிடையாது. இருட்டில் விளக்கேற்றத் தீப்பெட்டி வாங்கினாலும் அதில் ஒரு பங்கு கணக்கில்லாத பெட்டிக்குப் போகும். துப்பாக்கிக்கு அங்கிருந்துதான் கூலி. பொருளாதாரம் தெரிந்தவன் ஏன் அரசியலுக்கு வருகிறான் என்று கேட்டால், இந்தப் பெட்டியைக் காட்டினால் போதும்.

சரி, 1986க்கு வருவோம். அப்பாவுக்குப் பின் ஆட்சிக்கு வந்த மகன் துவாலியே, பிப்ரவரி 7ஆம் தேதி நாட்டை விட்டு விமானம் ஏறினார். பியேர்-ஷார்லும் சூசியும் அந்த ஆண்டே ஊர் திரும்பினார்கள். இருவருமாக ஒரு ஆய்வு, பயிற்சி மையம் தொடங்கினார்கள். விவசாயிகளுக்கும் சங்கத்துக்காரர்களுக்கும் வகுப்பு. அப்போதுதான் ஆரிஸ்தீத் என்ற பாதிரியாரின் பின்னால் மக்கள் திரண்டார்கள். அவருடைய முழக்கம் இது: தனியாக இருந்தால் பலவீனம், சேர்ந்தால் பலம், எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்தால் லவலாஸ். ஹெய்த்தி மக்கள் பேசும் கிரெயோல் மொழியில் லவலாஸ் என்றால் மழை கொட்டியதும் மலையிலிருந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வரும் வெள்ளம்.

1990 டிசம்பர் தேர்தலில் ஆரிஸ்தீத்துக்கு 67 சதவீதம். எதிரே நின்ற மார்க் பசானும் பொருளாதார நிபுணர்தான், உலக வங்கியில் இருந்தவர், வாஷிங்டனுக்குப் பிடித்தவர். அவருக்குக் கிடைத்தது 14 சதவீதம். எட்டு மாதம்கூட ஆகவில்லை, 1991 செப்டம்பர் 30இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1994இல் அமெரிக்கப் படைகள் ஆரிஸ்தீத்தைத் திரும்பக் கொண்டுவந்து அமர்த்தின.

இங்கேதான் நம்ம பேராசிரியர் தலைவர் ஆகிறார். வெள்ளம் வந்துவிட்டது, கரை வேண்டாமா? உறுப்பினர், கிளை, விதிமுறை உள்ள கட்சி வேண்டும் என்றார்கள் அவரும் தோழர்களும். லவலாஸ் அரசியல் அமைப்பு என்று பெயர் வைத்தார்கள். 1995 நாடாளுமன்றத் தேர்தலில் அந்த அணி நின்ற பெயர் ‘போ தாப் லா’, ‘மேசையைச் சுற்றி’ என்று அர்த்தம். சிலர் மேசைமேல் உட்கார்ந்து தின்கிறார்கள், பலர் மேசைக்கடியில் கிடக்கிறார்கள், எல்லாரும் சுற்றி உட்காரவேண்டும் என்பது அதன் பொருள். பெரிய வெற்றி.

வென்ற கையோடு சண்டையும் வந்தது. ஆரிஸ்தீத் மூன்று ஆண்டு வெளிநாட்டில் கழித்தார் இல்லையா, அந்த மூன்று ஆண்டையும் சேர்த்துக் கொடுங்கள் என்று அவருடைய ஆட்கள் கேட்டார்கள். நியாயம் இல்லாத கேள்வி என்று சொல்ல மாட்டேன். மக்கள் கொடுத்த ஐந்தாண்டை ராணுவம்தானே திருடியது? ஆனால் பியேர்-ஷார்லின் கட்சி அசையவில்லை. அரசியல் சட்டப்படி காலம் முடிந்தது முடிந்ததுதான். ஆரிஸ்தீத்திடம் முன்பு பிரதமராக இருந்த ப்ரேவால் அதிபரானார், இவர்கள் கட்சியின் ரோனி ஸ்மார்த் பிரதமரானார். ஆரிஸ்தீத் 1996இல் தனிக் கட்சி கண்டார். மிஞ்சியவர்கள் பெயரிலிருந்த லவலாஸை எடுத்துவிட்டு, ‘போராடும் மக்களின் அமைப்பு’ என்று மாற்றிக்கொண்டார்கள். ஓ.பி.எல். என்ற பிரெஞ்சுச் சுருக்கெழுத்து மூன்றும் அப்படியே இருந்தன. பழைய பலகையை வீணாக்காத சிக்கனம்!

அப்புறம் 2000 மே தேர்தல். செனட்டில் ஜெயிக்கப் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். அதிகாரிகள் என்ன செய்தார்கள் என்றால், முதல் நான்கு வேட்பாளர்களின் வாக்கை மட்டும் கூட்டி, அதை நூறாக வைத்துச் சதவீதம் போட்டார்கள். பத்துப் பேர் ஓடிய பந்தயத்தில் ஆறு பேரை எண்ணாமல் விட்டது போல. இரண்டாம் சுற்றுக்குப் போகவேண்டிய ஆரிஸ்தீத் கட்சிக்காரர்கள் முதல் சுற்றிலேயே செனட்டர் ஆனார்கள். தேர்தல் ஆணையத் தலைவர் கையெழுத்துப் போடமாட்டேன் என்று நாட்டை விட்டே போனார். எதிர்க்கட்சிகள் ஒரு கூட்டணியாகச் சேர்ந்தன. அதன் முகங்களில் ஒன்று பியேர்-ஷார்ல்.

இந்த இடத்தில் அவரை நான் முழுதாக மெச்ச மாட்டேன். அந்தக் கூட்டணியில் பழைய துவாலியே காலத்து ஆட்களும் ஒட்டிக்கொண்டார்கள். வாஷிங்டனில் அதற்கு நண்பர்கள் இருந்தார்கள். மனைவி அமெரிக்க ஆக்கிரமிப்பின் வரலாற்றை எழுதியவர், கணவர் இப்படி ஒரு பக்கம் நிற்கிறார். எந்தச் சமரசத்துக்கும் கூட்டணி இறங்கி வரவில்லை என்ற குற்றச்சாட்டும் உண்டு. இடையில் வெளிநாட்டு உதவிப் பணம் நின்றது, பட்டினி கிடந்தது ஏழை.

2001 டிசம்பர் 17. அப்போது ஆரிஸ்தீத் மறுபடியும் அதிபர். விடியற்காலையில் ஆயுதம் ஏந்தியவர்கள் அதிபர் மாளிகையைத் தாக்கினார்கள். ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி என்றது அரசு. பொழுது விடிந்ததும் ஆரிஸ்தீத் ஆதரவுக் கூட்டம் எதிர்க்கட்சி அலுவலகங்களுக்குப் போனது. பியேர்-ஷார்லின் கட்சி அலுவலகம் எரிந்தது. ஆய்வு மையம் தப்பவில்லை. வீடும் எரிந்தது. அப்போது அவருக்கு 66 வயது முடியப்போகிறது, மறுநாள் பிறந்தநாள். துவாலியே காலத்தில் வீட்டை விட்டுப் போனவரின் வீட்டை எரித்தது, ஒரு காலத்தில் அவரும் சேர்ந்து திரட்டிய அதே வெள்ளம்.

2004 பிப்ரவரி 29இல் ஆரிஸ்தீத்தும் விமானம் ஏறினார். அவரை விரட்டிய ஆயுதக் கும்பலில் பழைய ராணுவத்தார் இருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி, சிகிச்சைக்குப் போன இடத்தில், ஹவானாவில் பியேர்-ஷார்ல் இறந்தார். கரீபியன் நாடுகளைப் பற்றி அவர் எழுதிய நூலுக்கு 1980இல் பரிசு கொடுத்ததும் அந்த ஊர்தான். சூசி காஸ்தோர் எரிந்துபோன மையத்தை விடவில்லை. வகுப்புகளும் வெளியீடுகளும் அவர் கையில் தொடர்ந்தன.