பின் பிரேக் விடாமல் பிடிக்கிறதா? முதலில் நிப்பிளைத் திறந்து பாருங்கள்

[காட்சி: பின் சக்கரம் தரையில் படாமல் நிறுத்திய பைக். கை சக்கரத்தைச் சுற்றிவிடுகிறது. கால் சுற்றில் நின்றுவிடுகிறது.]

பெடலில் இருந்து காலை எடுத்த பிறகும் பின் பிரேக் விடவில்லை. பைக்கைத் தள்ளினால் கனக்கிறது. சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் ஓட்டிவிட்டு இறங்கினால் பின்பக்கம் கருகல் வாடை அடிக்கிறது. உடனே புதுப் பிரேக் பேட் வாங்கி மாட்டிவிடுகிறார்கள் பலர். அது தீர்வே இல்லை. புதுப் பேட் தடிமனானது. அதற்கு இடம் கொடுக்க, பேடைத் தள்ளும் அழுக்கேறிய பிஸ்டனை இன்னும் உள்ளே தள்ள வேண்டியிருக்கும். பிடிப்பு கூடத்தான் செய்யும்.

சந்தேகம் இருந்தால், நெரிசல் இல்லாத சாலையில் 2 கிலோமீட்டர் பின் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்தியதும் பின் டிஸ்க்கில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று ஆவியானால் பிரேக் பிடிக்கிறது என்று அர்த்தம். விரலை வைத்துப் பார்க்காதீர்கள், தோல் பொசுங்கிவிடும். பேட் டிஸ்க்கில் லேசாக உரசும் சத்தம் மட்டும் கேட்டால் பயப்பட வேண்டாம், அது இயல்புதான்.

[காட்சி: பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பர். அதன் மேல் ஆயிலை வெளியேற்றும் சின்னத் திருகான நிப்பிள். அதில் தெளிவான டியூப், டியூபின் மறுமுனை போத்தலில்.]

எதையும் கழற்றும் முன் செய்ய வேண்டிய சோதனை இது. கியரை நியூட்ரலில் போட்டு, பெடலை நாலைந்து முறை நன்றாக அழுத்தி விடுங்கள். சக்கரம் இறுகியிருக்கும்போதே நிப்பிளை அரைச் சுற்று திறவுங்கள். பிரேக் ஆயில் பீய்ச்சி வந்து சக்கரம் விடுபட்டால், அழுத்தம் குழாய்க்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. கேலிப்பரில் குற்றம் இல்லை, மேலே தேடுங்கள். ஆயில் கசிந்தும் சக்கரம் அசையவில்லையா? குற்றம் கேலிப்பரில்தான்.

முதலில் மேலே பார்ப்போம். பெடலை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஊசிமுனை அளவில் ஒரு துளை உண்டு. காலை எடுத்ததும் ஆயில் அந்தத் துளை வழியாகத்தான் ஆயில் டப்பாவுக்குத் திரும்புகிறது. அது மூடியிருந்தால், ஓடும்போது சூடாகி விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை. பிரேக் தானாகவே இறுகும். ஆறினால் தானாகவே விடும். சூட்டில் பிடித்து ஆறியதும் விடுகிற பிரேக் என்றால் இந்தத் துளையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

[காட்சி: டப்பாவின் மூடி திறந்திருக்கிறது. பெடலை இலேசாகத் தொட, ஆயில் மேற்பரப்பில் ஒரு சின்னக் கொப்புளிப்பு.]

மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறந்து, பெடலைக் கையால் இலேசாக அழுத்துங்கள். இப்படி ஆயில் எழும்பினால் துளை திறந்திருக்கிறது. எழும்பவில்லை என்றால் துளையில் அழுக்கு அடைத்திருக்கலாம், அல்லது பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள தள்ளுகம்பி நீளம் அதிகமாகி, அங்குள்ள பிஸ்டனை எப்போதும் கொஞ்சம் உள்ளே அழுத்தியபடி இருக்கலாம். பெடலின் உயரத்தை மாற்றிவிட்டுக் கம்பியைக் கவனிக்காமல் விட்டால் இப்படி ஆகும். லாக் நட்டைத் தளர்த்தி, பெடல் நுனியில் சில மில்லிமீட்டர் வெற்று ஆட்டம் வரும்வரை கம்பியைக் குறையுங்கள். பெடல் சுழலும் அச்சையும் பாருங்கள். திறந்தவெளி பார்க்கிங் லாட்டில் மழையில் நிற்கும் பைக்குகளில் அங்கே துரு பிடித்து, பெடல் முழுசாக மேலே வராது. காலை எடுத்த பிறகும் பிரேக் விளக்கு எரிந்தால் அதுவே சாட்சி. கழற்றி, துருவைத் துடைத்து, கிரீஸ் போட்டால் போதும்.

கம்பி, அச்சு இரண்டுமே சரியாக இருந்தால் நிப்பிளை மூடி, மறுபடி அழுத்திவிட்டு, மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் போல்ட்டைத் தளர்த்துங்கள். சுற்றிலும் துணி வையுங்கள், பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். அங்கே சக்கரம் விடுபட்டால் மாஸ்டர் சிலிண்டர் பழுது. அங்கே விடாமல் நிப்பிளில் மட்டும் விடுபட்டால், ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கிறது. மீண்டும் பூட்டும்போது புது வாஷர் போட்டு, குழாயில் புகுந்த காற்றை நிப்பிள் வழியாக வெளியேற்றுங்கள்.

[காட்சி: கேலிப்பர் கையில். பிஸ்டன் விளிம்பில் கருப்பு வளையமாக அழுக்கு.]

இனி கேலிப்பர். பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ஸ்பிரிங் அல்ல, ஒரு ரப்பர் சீல். அதன் குறுக்குவெட்டு சதுரம். அழுத்தும்போது பிஸ்டனோடு வளையும், விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனை மயிரிழை அளவு பின்னே கொண்டுவரும். அந்த மயிரிழைதான் பேடுக்கும் டிஸ்க்குக்கும் உள்ள இடைவெளி. பிஸ்டனில் அழுக்கு படிந்தாலோ, சீல் உட்காரும் பள்ளத்தில் வெள்ளைப் பொடியாக அலுமினியம் அரித்திருந்தாலோ அந்த இழுப்பு கிடைக்காது.

பேடை எடுத்துவிட்டு, பெடலை மெல்ல அழுத்தி பிஸ்டனை 5 மில்லிமீட்டர் வெளியே கொண்டுவாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். சோப்புத் தண்ணீரும் பழைய டூத்பிரஷும் வைத்துச் சுற்றிலும் தேய்த்து, உலர்த்தி, புது பிரேக் ஆயிலை ஒரு கோடு தடவி, கட்டைவிரலால் உள்ளே தள்ளுங்கள். மேலே டப்பா நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள் வேண்டாம். குரோம் உரிந்த பிஸ்டனை மாற்றத்தான் வேண்டும். கட்டைவிரலுக்கு அசையவே இல்லை என்றால் முழுதாகப் பிரித்து, பள்ளத்தைச் சுரண்டி, புது சீல் போடும் வேலை.

ஒற்றைப் பிஸ்டன் கேலிப்பரில் பிஸ்டனைவிட அடிக்கடி குற்றவாளியாவது, கேலிப்பர் பக்கவாட்டில் நகர வழிவிடும் சறுக்கும் பின்கள். இழுத்துப் பாருங்கள், வெண்ணெய் போல வர வேண்டும். காய்ந்திருந்தால் துடைத்து, சிலிக்கான் கிரீஸை மெலிதாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை ஊதவைத்து, பின்னை முன்பைவிட மோசமாக இறுக்கும்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (DOT 4) தர ஆயிலுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரி. இங்குள்ள ஈரக்காற்றில் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். தேநீர் நிறத்துக்கு வந்திருந்தால் அதற்கும் முன்பே.

பூட்டியதும் வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை அழுத்துங்கள். பேட் டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் கிளம்பினால் முதல் பிரேக்கில் ஒன்றுமே இருக்காது. பிறகு அதே 2 கிலோமீட்டர், அதே நாலு சொட்டுத் தண்ணீர்.

கழித்த ஆயிலை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்நிறுத்தத்துக் கால்வாயில் ஊற்றாதீர்கள். சிங்கப்பூரின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழைநீர் நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகிறது. போத்தலில் மூடி, பைக் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.